கீழே எழுதியவர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் வலைப்பூவைத் திருத்தி அமைப்பது, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கூரையைப் பிரிக்கிற வேலை. அந்த வேலையில் கைவைத்தவர்கள் இதை வாசிக்கும்போதே பெருமூச்சு விடுவீர்கள். பதினைந்து வருடம் லண்டனில் இருந்துகொண்டு மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதியவன் நான். ஊருக்குத் திரும்பியதும் புளியந்தீவில் ஓர் அறை எடுத்து, எழுதியதையெல்லாம் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன்.

எந்தப் பெட்டி?

முதல் வேலை, பதிவுகளைத் தலைப்புவாரியாகப் பிரிப்பது. இரண்டு மொழியில் படித்தவனுக்கு இரண்டு மடங்கு குழப்பம்: ‘மீன்’ என்று ஒரு தலைப்பு, ‘மீன்கள்’ என்று ஒன்று, ஆங்கிலத்தில் இன்னொன்று. எல்லாவற்றையும் ஐந்து தலைப்புக்குள் அடக்கப் பார்த்தேன். மாரியில் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதைப் பற்றிய பதிவில் மாட்டிக்கொண்டேன். அது வெள்ளமா, வேளாண்மையா, மீன்பிடியா? வெல்லாவெளியில் வயல் செய்யும் குலம் என்கிற என் மச்சானை போனில் கேட்டேன்.

“மச்சான், ஆத்துவாய வெட்டு எண்டு நாங்க நிப்பம், வெட்டாத எண்டு மீன்காரர் நிப்பாங்க. நீ ‘சண்டை’ எண்டு போடு, ரெண்டு பக்கமும் வந்து வாசிக்கும்.”

துப்புரவு

தோற்றத்தை மாற்றித் தந்தவர் சுஜி, டவுனில் இந்த வேலை செய்கிற பெண். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். போன வருடம்தான் எனக்கு வாசிப்புக் கண்ணாடி வந்தது. அவர் கேட்டதும் ஒன்றே ஒன்று: வாசகர் கருத்துகளை எடுத்துவிட வேண்டும். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே பேசுகிறார்கள். போட்டுக் கிடந்தவற்றில் பாதி மருந்து விளம்பரம், மீதி என்னைத் திட்டியது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாமல், மொத்தமாகத் தெரிவுசெய்து ஒரே அமுக்கில் அழித்தேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. என்னவோ வெறிச்சென்றும் இருக்கிறதே என்றேன்.

“வீடு கூட்டின உடன அப்பிடித்தான் இருக்கும் அண்ணா. பழகிரும்.”

வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளி காத்தான்குடியிலிருந்து ஓர் அழைப்பு. புடவைக்கடை வைத்திருக்கும் ரபீக் நானா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), முன்பின் பழக்கமில்லை. “கீழ எழுதின ஆக்களெல்லாம் எங்க சேர்?” என்றார். இடைஞ்சலாக இருந்தது, எடுத்துவிட்டோம் என்றேன். “நிஸாம் என்ட தம்பி” என்றார்.

நிஸாமை எனக்கு எழுத்தில் தெரியும். கட்டாரில் வேலை. லீவு நாளான வெள்ளியில் என் பதிவுகளுக்குக் கீழே சண்டைக்கு வருவார். ‘நண்டுக் கறிக்கு முருங்கை இலை போடாத நீங்க மட்டக்களப்பா?’ என்று கேட்ட மனிதர். இரண்டு வருடமாகக் காணவில்லை. என் எழுத்து சலித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். மாரடைப்பில் அங்கேயே மௌத்தாகிவிட்டாராம், உடலையும் அங்கேயே அடக்கியிருக்கிறார்கள்.

“மையத்து முகத்தையும் நாங்க காணல்ல சேர். வெள்ளிக்கு வெள்ளி உம்மா அவன் எழுதினத வாசிக்கச் சொல்லுவா. இண்டைக்கு நான் என்னத்த வாசிக்கிற?”

குளிர்ச்சட்டை

அழித்ததைத் தளத்திலிருந்து மீட்க வழியில்லை என்று சுஜி கையை விரித்தார். ஊர் திரும்ப முன் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்த ஞாபகம் மட்டும் இருந்தது. எதில், எங்கே என்று இல்லை. மூன்று நாள் பெட்டிகளைக் கிளறினேன். இங்கே யாருக்கும் தேவைப்படாத ஒரு குளிர்ச்சட்டைக்குள் சுற்றியபடி அந்த ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. சுஜியும் நானுமாக மருந்து விளம்பரம் வேறு, மனிதர் வேறாகப் பிரித்தெடுத்தோம். நிஸாமின் கருத்துகளுக்கு வந்ததும் சுஜியின் கை ஓடவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“குறை நினைக்காதீங்க அண்ணா, நீங்க மேல எழுதினத விட இவர் கீழ எழுதினதுதான் நல்லாரிக்கு.”

எழுத்தின் அளவு

நிஸாம் அடிக்கடி எழுதிய கருத்து ஒன்று உண்டு: ‘எழுத்து சின்னன், கண் நோகுது, கொஞ்சம் பெருப்பிங்க.’ பத்துத் தடவையாவது எழுதியிருப்பார். நான் ஒரு தடவையும் பதில் போடவில்லை. எல்லாம் திரும்ப ஏறிய பிறகு வந்த வெள்ளியில் ரபீக் நானா மறுபடி அழைத்தார். அந்தக் கருத்தை வாசித்தபோது, “பெருப்பிச்சாரா அவர்?” என்று உம்மா வழக்கம்போலக் கேட்டாராம். இந்தத் தடவை ரபீக் நானா பெரிய எழுத்துத் தெரிய போனை உம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார்.

“பாத்துட்டு உம்மா சொன்னா சேர், ‘என்ட புள்ளட பேச்ச ஒராளாவது கேட்டிருக்காரே’ எண்டு.”

அது என் கண்ணுக்காகப் பெரிதாக்கிய எழுத்து என்று இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. ஆறு மாதம் பட்ட பாட்டில் வாசகர் பாராட்டிய ஒரே திருத்தம் அதுதான்.