மூன்று ஆட்டம் ஆடிய மாமா

பிள்ளைகளே, பந்தென்றால் உங்களுக்குப் பைத்தியம். எங்கள் குடும்பத்திலும் ஒரு பெரிய ஆட்டக்காரர் இருந்தார், என் மாமா. அவர் ஆடியது மூன்றே மூன்று ஆட்டம்.

குருநகரில் மாமாவும் மாமியும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமாவுக்குக் கடற்றொழில். மற்றவர்கள் பந்தடிக்கும் பின்னேரத்தில் அவர் வள்ளம் தள்ளிக்கொண்டிருப்பார். நாட்டில் நடந்த சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்த பிறகுதான் மைதான ஓரத்தில் வந்து நின்றார். ஒரு நாள் வெளியே வந்த பந்தை வெறுங்காலால் உதைத்தார். அது நேரே கோலுக்குள் போனது. அன்றே அவரை அணிக்குள் இழுத்துப் போட்டார்கள். ஆடுகிற வள்ளத்தில் நின்று பழகிய கால். யார் மோதினாலும் விழாது.

கிண்ணப் போட்டியில் இரண்டு ஆட்டம் வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அதற்குள் கடல் திறந்தால் மாமா போய்விடுவாரே என்று எனக்குப் பயம். வீட்டிலிருந்த கடைசி மெழுகுதிரியை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியைக் கரையில் சிலையாக நின்ற அந்தோனியாரின் சுருவத்தடியில் கொளுத்தி, கடல் திறக்கக் கூடாது என்று மன்றாடினேன்.

இறுதி ஆட்டத்தன்று மத்தியானமே தடை நீங்கியது.

"மச்சான், இண்டைக்கு மட்டும் நில்லடா," என்று அணித் தலைவர் கெஞ்சினார்.

"விளையாடிப்போட்டுத்தான் போவன். வள்ளம் எங்கையும் ஓடாது," என்றார் மாமா.

எதிரணி புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரப் பெடியள்.

"அண்ணை, சப்பாத்து எங்கை? மீன் திண்டிட்டுதோ?" என்று மாமாவின் வெறுங்காலைப் பார்த்து அவர்களில் ஒருவன் கேட்டான்.

மாமா சிரித்தார். கடைசி நிமிடம் வரை ஒருவருக்கும் கோல் இல்லை. மூலையிலிருந்து வந்த பந்துக்கு மூன்று பேர் மாமாவோடு மோதினார்கள். மூன்று பேரும் விழுந்தார்கள். மாமா நின்றார், உதைத்தார், கோல்!

"சப்பாத்தைச் சுறா திண்டிட்டுது தம்பியவை, காலை விட்டிட்டுது!" என்று கத்தியது வேறு யாருமில்லை, மாமிதான். மைதானமே அதிர்ந்தது.

கிண்ணத்தை ஒரு தரம் உயர்த்தி என் கையில் தந்துவிட்டு, போட்டிருந்த சேர்ட்டோடேயே மாமா கரைக்கு ஓடினார். பிறகு அவர் பந்தைத் தொடவேயில்லை. கூப்பிட வந்தவர்களிடம், "கடல் இருக்கேக்கை பந்து என்னத்துக்கு?" என்றார்.

மறுநாள் வீடெல்லாம் மீன் குழம்பு வாசம். அத்தனை நாளும் கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டுத் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவந்த மாமி, அன்று இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். எனக்கோ கேட்டதைத் தராத அந்தோனியாரில் கோபம்.

தனியே சுருவத்தடிக்குப் போனேன். என் பாதி காற்றில் அணைந்து அப்படியே நின்றது. பக்கத்தில் அதே மெழுகுதிரியின் மற்றப் பாதி அடிவரை எரிந்து உருகிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தது மாமி என்றோ, அவர் எதற்காக மன்றாடினார் என்றோ எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. என் பாதியைப் பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.