மாநாட்டுக்கு மண்டபம் பார்த்தவன்

கட்சியில் மண்டபம் பார்க்கிறவனுக்கு மேடையில் நாற்காலி கிடையாது. ஃபேன் ஓடவில்லை என்றால் மட்டும் எல்லோரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி அலைந்தவர்கள், சங்கத்து ஆண்டு விழாவுக்கு இடம் பிடித்தவர்கள் என்று உங்களில் பலர் என் இனம்தான். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எங்களுடையது சின்னக் கட்சி. தூத்துக்குடி மாவட்டத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர் செல்லத்துரை அண்ணாச்சி. கருப்பட்டி மொத்த வியாபாரி, முப்பது வருஷமாக மாவட்டச் செயலாளர். நான் அவரிடம் அலுவலகச் செயலாளர். தை மாதம் தலைமையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மே மாதம் முடிவதற்குள் மாவட்ட மாநாட்டை இந்த மாவட்டத்திலேயே, நூறு உறுப்பினர்களையாவது உட்காரவைத்து நடத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாவட்ட அமைப்பைக் கலைத்துத் திருநெல்வேலியோடு சேர்த்துவிடுவார்கள். அண்ணாச்சி தன் கருப்பட்டிக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், மூட்டைமேல் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆளை நான் கொண்டாரேம்லே கணேசா. எடத்தை நீ பாரு. நம்ம கைக்கு எட்டுததா பாரு."

பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?

முதலில் போனது தூத்துக்குடிக்குள்ளேயே, பாளையங்கோட்டை சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மானேஜர் எழுந்து நின்று வரவேற்றார். ஃபேனைக் கூட்டி வைத்தார், காபி சொன்னார். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். மாநாடு என்றேன். ஃபேனைக் குறைத்தார். கட்சிப் பெயரைச் சொன்னேன். அதற்கப்புறம் காபி வரவே இல்லை.

முகூர்த்த நாள் எல்லாம் போய்விட்டதாம். மற்ற நாளில் தருவார்களாம், ஆனால் நாற்காலி உடைந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு பெரிய தொகை கட்ட வேண்டுமாம். எங்கள் கட்சியில் நாற்காலியை உடைக்கிற அளவுக்கு ஆளே கிடையாது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, மானம் தடுத்தது. கல்யாண வீட்டில் மட்டும் சண்டை வராதா என்று கேட்டேன். மானேஜர் நிதானமாகச் சொன்னார்: "அங்க சண்டை பந்தியிலதான் சார் வரும், அதுக்குள்ள தாலி கட்டி முடிச்சிருப்பாங்க. உங்க ஆளுங்க மேடையிலேயே ஆரம்பிச்சிருவாங்கள்லா."

அஷ்டமிக்கு யாருக்குப் பயம்?

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நாங்கள் ராகுகாலம் பார்ப்பதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் போடுகிற கட்சி. அஷ்டமி, நவமியில் எந்த மண்டபமும் காலியாகத்தானே கிடக்கும்? காலண்டரைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏறினேன். மாசி மாத அஷ்டமியில் ஒரு மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது. கொள்கைக்குக் கொள்கை, சிக்கனத்துக்குச் சிக்கனம் என்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி தேதியைக் கேட்டதும் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பினார். கிட்டங்கிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அப்புறம் குரலைத் தணித்து, என்னை எதிர்த்துப் பேச விடாமல் சொன்னார்: "எனக்கு அதுல நம்பிக்கை கெடையாதுலே. ஆனா இது முப்பது வருஷப் பொழப்பு. எதுக்கும் ஒரு நல்ல நாளாப் பாரு."

நாற்பது நாள்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவசுக் காலம். கடற்கரையில் கிறிஸ்தவர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவும் அப்போது நடக்காது. ஆகவே மாதா கோயில் மண்டபங்கள் காலியாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். புன்னைக்காயல் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய், அந்தக் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியாரைப் பார்த்தேன். நல்ல மனிதர். கரண்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். கொட்டு, வெடி, ஊர்வலம் கூடாது. மற்ற நாளெல்லாம் தியானக் கூட்டமாம், காலியாக இருந்தது ஒரு வெள்ளிக்கிழமைதான், அன்றைக்கு மண்டபத்தில் இறைச்சி கூடாது. நான் வெளியே வந்து ஒன்றியச் செயலாளர்களுக்குப் போன் போட்டேன். பிரியாணி இல்லை என்று கேட்டதும் ஒருவருக்கு முட்டுவலி வந்தது, இன்னொருவருக்குச் சிக்னல் போய்விட்டது. திரும்பப் போய்ச் சாமியாரிடம் தலையைச் சொறிந்தேன். அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "கொட்டும் கறியும் இல்லன்னா வரமாட்டாங்கன்னா, தம்பி, அவங்க எதுக்கு வாராங்கன்னு நீங்க ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க" என்றார்.

தடைக்காலம்

சித்திரை வந்துவிட்டது. எனக்குத் தூக்கம் போய், அண்ணாச்சிக்குச் சுகர் ஏறிய காலம் அது. விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை தொடங்கியது. திரேஸ்புரத்துக்கு அந்தப் பக்கம் படகுக்காரர்களுக்கு ஒரு வலைக்கூடம் உண்டு. நல்ல நீளம், மேலே தகரக் கூரை, நாலா பக்கமும் கடல் காற்று. படகு போகாவிட்டால் அங்கே யாருக்கு என்ன வேலை, ஆளே இருக்காது என்று நினைத்தேன். நான் மேற்கே செம்மணல் தேரிக்காட்டு ஊர்க்காரன். மீன் எனக்குக் குழம்பில்தான் பழக்கம். கூடத்துப் பொறுப்பாளர் ரொசாரியோவைப் போனில் கேட்டேன். தாராளமாக வாங்க, வாடகையெல்லாம் வேண்டாம், கூட்டிப் பெருக்கிக் கொடுத்தால் போதும் என்றார். வைகாசியில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். அண்ணாச்சியே காலண்டர் பார்த்தார்.

அன்றைக்குக் காலை வேன் நிறைய நாற்காலியோடு போய் இறங்குகிறேன், கூடம் முழுக்க வலை. மலை மலையாக வலை. அறுபது எழுபது பேர் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். படகுதான் போகவில்லையே, அப்புறம் ஏன் இத்தனை பேர் என்று ரொசாரியோவைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடலுக்குப் போறப்ப வலை படகுல கெடக்கும் சார். போகாதப்பத்தான இங்கன வரும்? நீங்க பேசுங்க, எங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

கை தூக்கும் நேரம்

எங்கள் ஆட்கள் நாற்பது பேர்தான் வந்தார்கள். நல்ல நாள் பார்த்தோம் அல்லவா? மாவட்டத்தில் பாதிக் கல்யாணம் அன்றைக்குத்தான். பாளையங்கோட்டை சாலை மண்டபத்திலேயே எங்கள் ஆட்கள் பந்தியில் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. காலியாகக் கிடந்த நாற்காலிகளை வலைக்காரர்கள் இழுத்துப் போட்டு, வலையை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சென்னையிலிருந்து தலைமை அனுப்பியிருந்த பார்வையாளர் மேடையிலிருந்து எண்ணினார். நூறு தாண்டியது. "வேலையை விட்டுட்டு வர முடியாம வேலையோடவே வந்திருக்காங்க, இதுதான் கட்சி" என்று மைக்கிலேயே பாராட்டினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

மதியம் தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டும். முன்வரிசையில் நாற்பது கை எழுந்தது. பின்னால் ஒரு கைகூட அசையவில்லை. பார்வையாளர் மேடையை விட்டு இறங்கி நடந்துபோய், வலை ஊசியோடு இருந்த ஒரு பெரியவரிடம் குனிந்து, "நீங்க தீர்மானத்தை எதிர்க்கிறீங்களாய்யா?" என்று கேட்டார். பெரியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "ரெண்டு கையும் வலையில கெடக்கு சார். தீர்மானம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நாங்க வலைக்கு வந்தவங்கள்லா."

இரண்டாவது கடிதம்

பத்து நாளில் கடிதம் வந்தது. தூத்துக்குடி மாவட்ட அமைப்பு கலைக்கப்பட்டு, திருநெல்வேலியோடு சேர்க்கப்பட்டது. நான் அழுதுவிட்டேன். இடம் பார்த்தது நான், தப்பும் என்னுடையது என்றேன். அண்ணாச்சி ஒரு மூட்டையைத் தள்ளி எனக்கு உட்கார இடம் கொடுத்தார். கிட்டங்கி வாசலில் இருந்த பலகையில் 'மாவட்டச் செயலாளர்' என்ற வரியை அவரே கருப்பட்டி சுற்றுகிற தாளை ஒட்டி மறைத்திருந்தார். என் தோளில் கை வைத்தார். "விடுலே. இனும திருநெல்வேலிக்காரன் மண்டபம் பாப்பான். நமக்குப் பஸ்ஸுல ரெண்டு சீட்டுப் பிடிச்சாப் போதும்."

ஐந்து மாதம் மாவட்டம் முழுக்க மலிவான மண்டபம் தேடி அலைந்த எனக்கு, வந்த நாற்பது பேருக்கும் அந்தக் கருப்பட்டிக் கிட்டங்கியே தாராளமாகப் போதும் என்பது, அன்றைக்கு அந்த மூட்டைமேல் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.