கடைசியில் வைத்த எலுமிச்சை

அவனுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. தலையில் முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் தெருவுக்கே அவன் தம்பிதான். வீட்டில் அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பால்காரரிலிருந்து அவனைவிட வயதில் சின்னவர்கள் வரை எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தித் தரவேண்டும். காலையில் போனதும் மலிவு லென்ஸ்களில்தான் கை வைப்பான். கை பழகி, கண் நிதானப்பட்ட பிறகு, விலை கூடியதைக் கடைசியாக எடுப்பான். இத்தனை வருடத்தில் ஒரு நல்ல லென்ஸ் அவன் கையில் உடைந்ததில்லை. கடை முதலாளி வாய் திறந்து யாரையும் பாராட்டாதவர். அவரே இதை இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

வேலை விட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிக்குப் போய்விடுவான். அங்கே அவனுடைய தொட்டிகள் இருந்தன. மிளகாய், கத்தரி, தக்காளி, கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் எலுமிச்சை. பிழிந்து போட்ட பழத்தின் விதையை ஊன்றி அவனே வளர்த்தது. இன்னும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. அதற்காக அவன் அதை ஒரு சொல் கடிந்ததில்லை.

அந்த மாடி அவர்களுடையதல்ல. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் போனால் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தார். அவர் ஒரு சனிக்கிழமை படியேறி வந்தார். கையில் ஒரு செம்பருத்திக் கிளை. அதன் கணுவெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை.

"என்ன தம்பி இது?"

தம்பி கிளையை வாங்கிப் பார்த்தான். "மாவுப்பூச்சி சார்."

"பேர் வைக்கச் சொல்லிக் கேக்கல. எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறேன். குழாயோரமா எறும்பு இதைச் சுமந்துக்கிட்டு வரிசை கட்டி உங்க மாடியிலேருந்துதான் இறங்குது. என் வீட்டுக்காரம்மா ரெண்டு நாளா என்னை வறுத்து எடுக்கறா."

"நான் மருந்து அடிச்சிடறேன் சார்."

"அடி. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் மேல வருவேன். ஒரு பூச்சி உயிரோட இருந்தாலும் தொட்டி எல்லாம் தெருவுக்குப் போயிடும். அப்புறம் சார் மோருன்னு வந்து நிக்கக்கூடாது."

அவர் இறங்கிப் போனதும் தம்பி கடையில் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டினான். எங்கும் இருந்தது. எலுமிச்சையின் இளந்தளிரில் அப்பியிருந்தது.

மறுநாள் ஞாயிறு காலையில் வேப்பெண்ணெயும் சோப்பும் வாங்கிவந்தான். சோப்பைச் சீவி, மாடிக் குழாயில் வரும் போர்வெல் தண்ணீரில் கரைத்து, லிட்டருக்கு ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் என்று அளந்து ஊற்றி, ஸ்ப்ரேயரை ஒரு குலுக்குக் குலுக்கி அடிக்க ஆரம்பித்தான். மிளகாய் முதலில், பிறகு கத்தரி, தக்காளி. கை பழகட்டும் என்று எலுமிச்சையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். அதற்கு வந்தபோது குடுவையின் அடியில் மிச்சமிருந்ததை ஒரு சொட்டு விடாமல், இலைக்கு மேலும் கீழும் பார்த்துப் பார்த்து அடித்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அக்கா துணி எடுக்க மாடிக்குப் போனாள். தம்பி டிரம்மின் முன்னால் குந்தியிருந்தான். எலுமிச்சை இலைகள் ஓரம் கருகி, எண்ணெய்ப் பலகாரம் மடித்த காகிதம்போலப் பளபளத்துத் தொங்கின. காற்று அடித்தால் உதிர்ந்தன.

"என்னடா ஆச்சு?"

"தெரியலக்கா. எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் அடிச்சேன். மிளகாய்ல பூச்சி அசையக்கூட இல்ல, ஜம்முன்னு உக்காந்திருக்கு. இது மட்டும் கருகிப்போச்சு."

"ஜாஸ்தி அடிச்சிட்டியோ? செல்லப்பிள்ளைன்னு."

"அளந்துதானே அடிச்சேன்!" ஞாயிறு வரப்போகிறது, பூச்சியும் சாகவில்லை, செடியும் போகப்போகிறது. மறுபடி அடித்தால் மிச்சமும் கருகுமோ? அடிக்காவிட்டால் தொட்டிகள் தெருவில். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் துணிக்கொடிக்கும் டிரம்முக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

அக்கா ஒரு துண்டை உதறி மடித்தாள். அது அட்டைபோல விறைத்து நின்றது. "எல்லாம் இந்தப் போர் தண்ணியால வர்ற வினை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நுரைக்காது. என் தலையப் பாரு, துடைப்பம் மாதிரி நிக்குது. உனக்கு என்ன கவலை, தலையில இருந்தாத்தானே தெரியும்!"

தம்பி நடப்பதை நிறுத்தினான்.

"நுரைக்காதா?"

"நுரைக்கவே நுரைக்காது. திரிஞ்சு திரிஞ்சு அழுக்கா மிதக்கும்."

அவன் ஓடிப்போய் ஸ்ப்ரேயரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். குடுவையின் உள்சுவரில் மஞ்சளாக ஒரு பிசுபிசுப்பு, அடிவரைக்கும் இறங்கியிருந்தது. சோப்பு திரிந்துபோனதால் எண்ணெய் தண்ணீரோடு சேரவில்லை, மேலே மிதந்திருக்கிறது. உறிஞ்சும் குழாயோ அடியிலிருந்துதான் எடுக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் வெறும் தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெய் முழுவதும் மிச்சமாக இறங்கி, கடைசியாக வைத்திருந்த எலுமிச்சையின் தலையில் விழுந்திருக்கிறது. அதுவும் காலை வெயிலில்.

"நல்லதைக் கடைசியில வெச்சேன்க்கா," என்றான். "அதான் வினை."

மறுநாள் கடையில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் வாளியைக் கேனில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, இத்தனை நாள் சம்பளம்தான் எடுத்துட்டுப் போனே. இப்ப தண்ணியுமா?"

"இதுல உப்பு இல்ல முதலாளி. சோப்பு நல்லா கரையும்."

"குளிக்கவா?"

"செடிக்கு."

"அதானே பாத்தேன்," என்றார் அவர். தம்பியின் வெறுந்தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைத்தது. முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயை விட்டுக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றினான். பால்போல வெளுத்தது, எண்ணெய் மேலே ஏறவில்லை. ஆனாலும் உடனே அடிக்க மனசு வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் ஒரே ஒரு கத்தரி இலையில் மட்டும் அடித்து, அதில் நூல் கட்டிவிட்டு வந்தான். விடிந்ததும் பல்கூட விளக்காமல் மேலே ஓடினான். இலை பச்சையாகவே இருந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்து மறுபடி பார்த்தான், அப்போதும் பச்சைதான். அதற்குப் பிறகுதான், கையில் ஸ்ப்ரேயரைக் குலுக்கிக்கொண்டே, எல்லாத் தொட்டிக்கும் அடித்தான். எலுமிச்சையில் மிச்சமிருந்த இலைகளை மட்டும் தொடவில்லை. அதன் தண்டிலும் கணுவிலும் இருந்த பூச்சிகளைத் துணியை நனைத்துத் துடைத்தெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அக்கா கதவோரத்தில் நின்றாள். அவர் ஒரு மிளகாய்க் கிளையைப் புரட்டியதுமே, "இதோ வெள்ளையா இருக்கே!" என்றார்.

"செத்தது சார். ஒட்டிக்கிட்டிருக்கு. இதுல பாருங்க." தம்பி உருப்பெருக்கியை நீட்டினான். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். காய்ந்து பழுப்பேறிய தோல்கள்தான். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். மொட்டையாய் நின்ற எலுமிச்சைக்கு வந்தார்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

தம்பி சொன்னான். எண்ணெய் மிதந்ததையும், கடைசியில் வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் ஒரு கணுவைப் பார்த்தவனின் பேச்சு நின்றது. தண்டின் பிளவில் ஒரு குட்டிப் பூச்சி, ஊசிமுனை அளவு, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் பார்க்கவில்லை. வெள்ளெழுத்துக் கண், உருப்பெருக்கியும் தம்பியிடம் திரும்பி வந்துவிட்டது. அக்காவுக்கு அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சார், ஒண்ணு உயிரோட இருக்கு," என்றான் தம்பி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் குனிந்தார். வெகுநேரம் தேடினார். "எங்கப்பா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இங்க சார். முட்டை பொரிச்சு வந்திருக்கு. ஒரு தடவை அடிச்சா முட்டை போகாது. வாரத்துக்கு ஒரு தடவை அடிச்சிட்டே இருக்கணும்."

"நீ சொல்லாம விட்டிருந்தா நான் பாட்டுக்கு இறங்கிப் போயிருப்பேனே!"

தம்பி உருப்பெருக்கியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றான். அவர் படி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"வாராவாரம் அடி. கீழ வந்து எங்க செம்பருத்திக்கும் அடி. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், எங்களுதைக் கடைசியில வைக்காதே."

அவர் போனதும் அக்கா கிட்டே வந்தாள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா நீ?" என்று திட்டினாள். அப்படித் திட்டும்போதும் அவளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வெயில் சாய்ந்ததும் தம்பி மருந்தைக் கலக்கினான். செம்பருத்தியின் முன்னால் போய் நின்றான். கை இன்னும் பழகவில்லை. முதல் முறையாக, நல்லதை முதலில் தொடவேண்டியிருந்தது. ஸ்ப்ரேயரை மறுபடி மறுபடி குலுக்கினான். வீட்டுக்காரம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு இலையில அடிக்கறேன்மா," என்றான். "நாளைக்குப் பாத்துட்டு மிச்சத்தை அடிக்கலாம்."