மெடிக்கல் போர்டில் சொன்ன பதில்

ஊர்காவல் படையில் பதினெட்டு வருடம் துவக்குத் தூக்கியவன் நான். வயல் வட்டை ஓரத்துக் காவல் சென்றியில் ஒருநாள் காலை, என்னோடு நின்று செத்துப்போன மூன்று பேரின் ஜனாஸாவை நானே தூக்கி வந்தேன். அதற்குப் பிறகு என்னோடு வாழ்வது லேசான காரியமாக இருக்கவில்லை. கதவு படீரென்று சாத்தினால் கையில் இருப்பதை எறிவேன். கல்யாண வீட்டில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்கடியில் கிடப்பேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள் என்று கல்முனைக்குடியில் எனக்குப் பெயர். போன வருடம் மருதமுனையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, ரேடியோவோடு சண்டை பிடித்துக்கொண்டு கிடந்தேன். வீடு அவ்வளவு பெரிதென்று அப்போதுதான் தெரிந்தது.

கிளினிக் டாக்டர் ஒருவர்தான், இது மனவடு நோய், படையில் இருந்தவர்களுக்கு இதற்கும் அங்கவீனக் கொடுப்பனவு உண்டு, விண்ணப்பியுங்கள் என்றார். கொடுப்பனவைவிட எனக்கு அந்தக் கடிதம்தான் தேவைப்பட்டது. இது நோய், குணமல்ல என்று அரசாங்க முத்திரையோடு எழுதித் தந்தால், அதை அவளிடம் நீட்டி வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

விண்ணப்பித்ததும் மட்டக்களப்பில் மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி, அத்தர் பூசி, புது மாப்பிள்ளை போலப் போனேன். சிங்கள டாக்டர் கேட்டதைக் காரைதீவுத் தாதி ஒருத்தி, அண்ணனை எங்கள் ஆட்கள் கூப்பிடுவதுபோல் காக்கா என்று கூப்பிட்டு, தமிழில் கேட்டாள்.

"எப்படி இருக்கீங்க காக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சொகம்."

"நித்திரை வருதா?"

"அல்லாட காவல்ல படுக்கன். ஒரு கொறையுமில்ல."

"பயம் ஏதும்?"

"அல்லாஹ்வத் தவிர ஆருக்கும் பயப்படமாட்டன்."

வேறு என்ன சொல்வது? சுகம் கேட்டவரிடம் குறை சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை நாங்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்தாலும் எங்கள் ஆட்களின் பதில் அதுதான். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். முறைப்பாடு எதுவும் இல்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. வாயால் கெட்டேன். அன்று முழுக்க என்னையே ஏசிக்கொண்டிருந்தேன்.

மேன்முறையீட்டுக்கு, கூட வாழ்ந்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். வெட்கத்தை விட்டு மகள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இஞ்சாருங்க, நான் வாறன். ஆனா பொய் செல்லமாட்டன்," என்றாள் மனைவி.

"ஆரு பொய் செல்லச் சென்ன? நடந்ததச் செல்லுங்க."

இரண்டாம் முறை டாக்டர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தபடி கதைத்தாள்.

"தேத்தண்ணி கொண்டு போனா கிட்டப் போகமாட்டன். கதவடியில நிண்டு கூப்பிட்டு, முழிச்சது தெரிஞ்ச பொறகுதான் கொண்டு வெப்பன். ஒருக்காத் தட்டி எழுப்பப் போய், கழுத்தப் புடிச்சிட்டாரு. அது அவருக்கு ஞாபகமில்ல. நானும் செல்லல்ல."

எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். பர்தாவுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப அவரோட ஒரே வீட்டில இருக்க ஏலுமா ராத்தா?" என்று தாதி கேட்டாள்.

"ஏலா," என்றாள். "நல்ல மனிசன்தான். ஆனா எனக்குப் பயம்."

டாக்டர் நிமிராமல் நெடுநேரம் எழுதினார். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் வந்தோம். மருதமுனையில் அவள் இறங்கிக்கொண்டாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. நோய் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது, முத்திரையும் இருந்தது. காரணங்களில் முதலாவதாக, 'மனைவி இவருடன் வாழ அஞ்சுகிறார்' என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மகள் போனில் கூப்பிட்டாள்.

"வாப்பா, கடிதம் வந்திட்டா? உம்மா கேக்கா."

"வந்திட்டு மகள்."

"அப்ப கொண்டு வாங்களன், உம்மாக்கிட்டக் காட்ட."

வாறன் என்றேன். இன்னும் போகவில்லை.