அடியிலேயே கிடக்கும் ஊக்கி

முன்னறையிலிருந்து தம்பியின் சிரிப்புச் சத்தம் வந்தது. குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த யூலிற்றாவின் கை அப்படியே நின்றது. தன் வாழ்வு அங்கே பேசப்படுகிறது, அதற்கிடையில் சிரிப்பா?

நாயாற்றிலிருந்து பேதுரு அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார். மனைவியை இழந்தவர். கடலுக்குப் போகத் தடை வந்தபின் கரையோர உவர்நீர்க் களப்பில் இறால் பிடிப்பவர். தம்பி யாக்கோப்பு, பாலைவன நாடொன்றின் எண்ணெய்க் கிணற்றில் வேலைசெய்து விடுமுறையில் வந்திருப்பவன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எண்ணெய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"மேலை வராதண்ணை, அவ்வளவு தடிப்பு."

"எங்கட வள்ளத்துக்குப் பூசிற கீல் மாதிரியோ? சூடாக்கினால் இளகுந்தானே."

"ஆறத் திரும்ப இறுகிப்போம். அதுதான் கிணத்துக்குள்ளை ஆவியோடை ஒரு உலோகப்பொடியும் விட்டுப் பாக்கினம். ஊக்கி எண்டு சொல்லுறது. அது பட்டால் கனத்த எண்ணெய் அடியிலையே உடைஞ்சு இலேசாகும். பிறகு இறுகாது. ஊக்கி மட்டும் மாறாது. எங்கட அக்கா மாதிரி."

யூலிற்றா சுவரில் சாய்ந்தாள். அம்மா கண்மூடியபோது அவளுக்குப் பதினான்கு வயது. முள்ளிவாய்க்கால் வெயிலில் கருவாடு காயவைத்து விற்றாள். தங்கை மார்கிறட்டைக் கரைசேர்த்தாள். இவனைப் படிக்கவைத்தாள், விமானம் ஏற்றினாள். கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை.

"அவா இந்த வீட்டை விட்டு வரமாட்டா அண்ணை. என்ரை பெண்சாதி பிள்ளைப்பெத்துக்குத் தாய்வீட்டை போய் நிக்கிறா. நானும் போயிட்டால் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

பேதுரு முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, எண்ணெய் எடுத்து முடிய அந்த ஊக்கியை என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது? அது அடியிலையே கிடக்கும். அதைத் தேடி ஆர் இறங்கிறது?"

சொல்லிவிட்டு அவன் மீண்டும் சிரித்தான். பேதுரு சிரிக்கவில்லை.

யூலிற்றா தேநீருடன் உள்ளே வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். கண்கள் நிறைந்திருந்தாலும் குரல் நடுங்கவில்லை.

"இவர் இறங்கி வந்திருக்கிறார், யாக்கோப்பு."

"அக்கா..."

"மாறாமல் கிடக்க நான் பொடியில்லையடா. எனக்கும் தலை நரைக்குது." பேதுருவின் பக்கம் திரும்பினாள். "ஞாயிறு பூசை முடியப் பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்குச் சம்மதம்."

"அப்ப பிள்ளையை?" யாக்கோப்பின் குரல் தேய்ந்தது.

"நாயாறென்ன உன்ரை பாலைவனமே? பஸ் ஏறினால் வந்திடுவன்."

பேதுரு எழுந்தார். தேநீரைக் குடிக்க மறந்தே போயிருந்தார்.

"சீனி காணாதோ?" என்றாள்.

"இல்லை, இல்லை," என்று நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். சூடு சுட்டிருக்க வேண்டும், முகம் சிவந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வேலிப் படலைவரை கூடப் போனாள். அவருடைய சைக்கிள் பனைகளுக்கு அப்பால் மறையும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து, தலைகுனிந்திருந்த தம்பியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, கதவைச் சாத்தினாள்.