சனிக்கிழமை சொன்ன எடை

போனில் சாப்பாட்டுக் கணக்கு எழுதினால், இத்தனை வாரத்தில் எடை இவ்வளவுக்கு வந்துவிடும் என்று அதுவே சொல்லிவிடுமாமே, நம்பலாமா என்று கடைக்கு வருகிற பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். நம்பலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எந்த நாளைக் காட்டி அதைக் கேட்டாய் என்று திருப்பிக் கேட்பேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். எதிலும் உறுதியாகப் பேசிப் பழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகிற சாலையில் எங்கள் டிபன் கடை. தோசைக்கல் என் வீட்டுக்காரருடையது. சட்னி, சாம்பார், போண்டா என்னுடையவை. மகள் பிறந்தபோது வயிற்றில் போட்ட தையலுக்குப் பக்கத்தில் ரொம்ப நாளாக ஒரு வீக்கம் இருந்தது. மாவுக் குண்டானைத் தூக்கினால் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கும், படுத்தால் அடங்கிவிடும். போன வருஷம் ஆடியில் படுத்தும் அடங்கவில்லை. சித்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ஹெர்னியா, வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார். அப்புறம் என்னை எடை மெஷினில் ஏற்றினார். எண்பத்து நாலு.

"பருவு தக்காலம்மா," என்றார் தெலுங்கில். எடை குறைய வேண்டும். எழுபத்தாறுக்கு வந்தால்தான் கத்தி வைப்பேன், இவ்வளவு எடையோடு தைத்தால் தையல் தாங்காது என்றும், ஆபரேஷன் ஆன பிறகு மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அதே வாரம்தான் திருப்பதியிலிருந்து மகள் போன் செய்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, இப்போதுதான். நாள் தள்ளிப்போயிருக்கிறது, டெஸ்ட்டும் பண்ணிப் பார்த்தாயிற்று. டாக்டர் மாசிக் கடைசி என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வெந்நீர் தூக்க வேண்டும், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், பிள்ளை பெற்றவளைத் தாங்கிப் பிடித்து நடத்த வேண்டும். இதையெல்லாம் நான் செய்ய வேண்டுமென்றால் ஆபரேஷன் கார்த்திகைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். எட்டுக் கிலோ அதற்குள் இறங்கியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் என் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அவள் போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். பட்டனைத் தொட்டுக் காட்டினால் எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லித் தருவாள்.

"துன்னதையெல்லாம் இதுல போடும்மா. ராத்திரி இந்தப் பட்டன அமுக்கு. எல்லா நாளும் இன்னிக்கி மாதிரியே இருந்தா அஞ்சு வாரத்துல எவ்ளோ வெயிட்டு இருப்பேன்னு அதுவே சொல்லிரும்."

"அதுக்கு எப்பிடிறீ தெரியும்?"

"கணக்குதான். டாக்டரம்மாகிட்ட டேட்டு வாங்கறதுக்கு ஒதவும்ல?"

என் வீட்டுக்காரர் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார். "ஏம்மே, கிளி ஜோசியக்காரன் இன்னா ஆனான், அவனக் காணோமேன்னு பாத்தேன். போனுக்குள்ள பூந்துக்கினானா?"

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்குள்ளேயே எல்லாம் குழம்பிவிட்டது. எனக்குச் சாப்பாடு என்று தனியாகத் தட்டில் போட்டுச் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. வேர்க்கடலைச் சட்னி அரைத்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு, சாம்பார் கொதித்ததும் ஒரு கரண்டி, போண்டாவின் முதல் ஈடு வெந்துவிட்டதா என்று பிய்த்துப் பார்த்து ஒன்று. கூட்டம் குறைந்ததும் பாதியில் ஆறிப்போன தோசை. டீ மட்டும் எத்தனை முறையோ. மதியம் களி. ஆப்பில் களி உருண்டை என்று ஒன்று இருந்தது, ஆனால் அது எந்த வீட்டு உருண்டை? எங்கள் வீட்டு உருண்டை ஒரு ஆண்பிள்ளையின் இரண்டு கையும் சேர்ந்த அளவு. பாதி எழுதுவேன், அதற்குள் பஸ் வந்து நிற்கும், சட்னிக்கு ஓடுவேன். ராத்திரி பார்த்தால் எதை எழுதினேன், எதை விட்டேன் என்று தெரியாது. அரைகுறைக் கணக்கை முடித்துவைக்க மனசு வராமல், பட்டனை அமுக்காமலே விட்டுவிடுவேன்.

சனிக்கிழமை மட்டும் அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஏழுமலையானுக்கு நான் சனிக்கிழமை ஒருபொழுது. அன்று சட்னிக்கு உப்புக்கூடப் பார்க்க மாட்டேன், கையளவிலேயே போட்டுவிடுவேன். இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு கொஞ்சம் உப்புமா. எழுதுவதற்கு எவ்வளவு சுலபம்! மூன்று வரி. பட்டனை அமுக்கினேன். ஐந்து வாரத்தில் எழுபத்தாறே முக்கால் என்றது.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பே லேசானது மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன், மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமையும் அதே பழம், அதே பால், கிட்டத்தட்ட அதே எண். வாரம் பூராவும் மனசு எதற்காவது பதறினால் போனை எடுத்து அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்ப்பேன். சாமி படத்தைப் பார்க்கிற மாதிரிதான்.

அந்த எண்ணை நம்பி ஒரு காரியமும் செய்தேன். விநாயகர் சதுர்த்தி பிரம்மோற்சவம் முடிந்த வாரத்துக்கு டாக்டரம்மாவிடம் நாள் வாங்கினேன். மகள் தன் மாமியாரிடம், "எங்கம்மா புரட்டாசிலயே ஆபரேஷன் பண்ணிக்கினு ரெடியா இருப்பாங்க, நீங்க கவலப்படாதீங்க," என்று சொல்லிவிட்டாள். சம்மந்தியம்மாவுக்குச் சத்தியவேட்டுப் பக்கம் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். திடமான மனுஷி, வாயும் திடம். பிரசவத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் ஒருமுறை தலையாட்டினால் அப்புறம் அவர் பேச்சு மாறாது என்று எனக்குத் தெரியும்.

பிரம்மோற்சவக் கூட்டத்தில் நிற்க நேரமில்லாமல் உழைத்தேன். இந்த உழைப்புக்கே பாதிக் கிலோ கூடுதலாகப் போயிருக்கும் என்று நினைத்தபடி சித்தூருக்குப் போய் மெஷினில் ஏறினேன். எண்பத்து மூன்று கால்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. போனை நீட்டினேன். "மேடம், இதுல எழுபத்தாறுன்னு போட்டுதே." அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் சனிக்கிழமையா இருக்கே. மத்த ஆறு நாளு நீங்க ஊர்ல இல்லையா அம்மா?"

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அழுகை வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. ஆப் பொய் சொல்லவே இல்லை. எல்லா நாளும் இன்றைக்குப் போல இருந்தால் என்றுதானே அது சொன்னது? நான் காட்டின 'இன்றைக்கு' ஒருபொழுது நாள். அதற்கு ஏழுமலையானையும் தெரியாது, வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் என்பதும் தெரியாது. ஐந்து வாரமும் இவள் பழம் தின்று கிடப்பாள் என்று நம்பியிருக்கிறது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பிடிவாதமாக ஒரு வேலை செய்தேன். காலையில் ஒரு கிண்ணத்தை எடுத்துவைத்தேன். உப்புப் பார்க்க வாயில் போடுகிறதெல்லாம் எவ்வளவோ, அதே அளவு அந்தக் கிண்ணத்திலும் ஒரு பங்கு போட்டேன். சட்னி, சாம்பார், பிய்த்த போண்டா, எல்லாம். கடை மூடும்போது கிண்ணம் நிறைந்து, பக்கத்தில் ஒரு தட்டும் வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "இது யாருக்கும்மே?"

"நான் துன்னது."

"ஒண்ணுமே துன்னலன்னு தெனமும் சொல்லுவியே."

"அந்த ஒண்ணுமேதான் இது."

அவர் கிண்ணத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம கடையில நல்லா துன்ற கஸ்டமரு நீதான். காசுதான் குடுக்கல," என்றார்.

அதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, பயந்துகொண்டே பட்டனை அமுக்கினேன். ஐந்து வாரத்தில் எண்பத்து மூன்று என்றது. அதாவது, இப்படியே இருந்தால் இப்படியே இருப்பாய். அந்தப் பேச்சில் எனக்கு வருத்தமே இல்லை. ஆப்பும் ஆஸ்பத்திரி மெஷினும் முதல் தடவையாக ஒரே வார்த்தை பேசின.

அதற்கப்புறம்தான் அது எனக்கு உபயோகமானது. எடை எந்தத் தேதியில் எவ்வளவு ஆகும் என்று அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். இதை எடுத்தால் என்ன, அதைக் குறைத்தால் என்ன என்று கேட்டேன். டீயில் சர்க்கரையை எடுத்துப் பார்த்தேன், எண் கீழே இறங்கியது. களி உருண்டையைப் பாதியாக்கினேன், இன்னும் கொஞ்சம். உப்புப் பார்க்கிற வேலையை வீட்டுக்காரரிடம் தள்ளியபோதுதான் நன்றாக இறங்கியது. அவருக்கு உப்பு உறைக்காது. முதல் வாரம் சாம்பாரைக் குடித்த ஒரு லாரி டிரைவர், "அண்ணா, சமுத்ரத்துல மொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அப்புறம் சரியாகிவிட்டது.

ஒரு எடை மெஷின் வாங்கி வீட்டில் வைத்தேன். எடையை வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பார்த்தேன், வெறும் வயிற்றில், அதே நைட்டியோடு. நடுவில் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். ஞாயிறு கறிக்குழம்பு சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ ஏறி நிற்கும், புதன்கிழமைக்குள் தானாகவே போய்விடும். அது கொழுப்பு இல்லை, உப்பு பிடித்துவைத்த தண்ணீர் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கியது. சில வாரம் அதுவும் இல்லை. ஐப்பசி நடுவில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் தை மாதம்தான் வந்தது. தையில் ஆபரேஷன் என்றால் மாசியில் என்னால் ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தூக்க முடியாது.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, வீக்கத்தோடேயே எல்லாம் தூக்கலாம். இல்லையென்றால் என்னால் ஆகாது என்று மகளிடம் சொல்லிவிடலாம். பழைய நானாக இருந்தால் மாசி வரைக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருப்பேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். தள்ளிப்போட்டுத் தூக்கினால் குடல் சிக்கிக்கொள்ளும், அப்போது பிரசவத்தை விட்டுவிட்டு எல்லோரும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்றார்.

புரட்டாசி தவறியதும், கார்த்திகைக்குள் முடிந்துவிடும் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கே அவளுக்குப் போன் செய்தேன்.

"கார்த்திகைக்கு ஆவாதுடீ. தைதான்."

"அஞ்சு வாரம்னு சொல்லுச்சே?"

"அது அப்பிடிச் சொல்லும். நான் தைங்கறேன். எழுதி வெச்சிக்க."

"அப்ப அத்த ஊட்டுக்கே போயிரட்டுமா?" என்றாள், குரல் இறங்கி.

"நீ இங்கதான் வர்ற. உங்க அத்தையும் இங்க வரட்டும். நானே கேக்கறேன்."

இத்தனை வருஷத்தில் நான் சம்மந்தியம்மாவிடம் எதையும் கேட்டதில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். தலைப்பிரசவம் என் வீட்டில் நடக்கட்டும், ஆனால் என் கை உதவாது, உங்கள் கை வேண்டும் என்றேன். அவர் ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார். "சம்மந்தி, இத மொதல்லியே கேட்டிருந்தா நான் கடலக்காய கூட முன்னாடியே போட்டு எடுத்திருப்பனே." அதற்கப்புறம், "எத்தன மாசம் இருக்கணும்?" என்று கேட்டார்.

பொங்கல் முடிந்த வாரம் எழுபத்தாறரை காட்டியது. அரைக் கிலோவை டாக்டரம்மா கணக்கில் எடுக்கவில்லை. வலை வைத்துத் தைத்தார். மாசிக் கடைசியில் பேரன் பிறந்தான். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரு குறையும் இல்லை.

இப்போது காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் சம்மந்தியம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் சூடு சரியா, காதில் போகப்போகிறது, மூக்கில் போகப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவருக்கு அது பிடிக்காது.

"சம்மந்தி, உங்க போன எடுங்க," என்றார் நேற்று. "இவன் எப்ப நடப்பான், எப்ப ஸ்கூலுக்குப் போவான்னு அதையும் கேட்டுச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் அமைதியா இருப்பீங்க."

"எந்த நாள வெச்சிக் கேக்கறது?" என்றேன்.

"இன்னிக்கி வெச்சிக் கேளுங்க."

"இன்னிக்கி மாதிரியே எல்லா நாளும் இருந்தா, அஞ்சு வாரத்துலயும் உங்க கால்லதான் படுத்துக்கினு இருப்பான்."

சிரிப்பில் அவர் கால் ஆடியது. பிள்ளை அலறினான். உள்ளேயிருந்து மகள் கத்தினாள். நான் எழுந்திருக்கப் போனேன், சம்மந்தியம்மா ஈரக் கையாலேயே என்னை உட்கார் என்று காட்டினார். உட்கார்ந்துகொண்டேன். துவட்டி முடித்ததும் அவரே எழுந்து வந்து பிள்ளையை என் மடியில் வைத்தார்.