நம்ம மஞ்சூர்

அப்பா போர்ட் பிளேரில் முனிசிபல் மெம்பராக ஜெயித்தது தன் ராமநாதபுரத்துத் தமிழாலும் உரத்த குரலாலும்தான். கடை அபர்டீன் பஜாரில், வீடு கராச்சர்மாவில். இந்தி அரைகுறை. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வராது. புரியாத இடத்தில் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிடுவார். குழம்பில் உப்பில்லை என்று அவர் சொன்னால், அம்மாவும் "அச்சா" என்றுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எங்கள் வீட்டுக்கு முந்தின பஸ் நிறுத்தத்து மேட்டில் குடிசை போட்டிருந்த நம் ஜனங்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: அந்த நிலம் அவர்கள் பெயருக்கு வேண்டும். அப்பா அதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் ஓர் அதிகாரி ஃபைலை மூடிவைத்துவிட்டு, "நாமஞ்சூர்" என்றார். மஞ்சூர் என்றால் சாங்ஷன் என்று அப்பாவுக்குத் தெரியும். முன்னால் 'நா' ஒட்டினால் தள்ளுபடி என்பது தெரியாது. அவர் காதில் 'நம்ம மஞ்சூர்' என்று விழுந்தது. பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தார். அந்த அதிகாரி என்ன நினைத்தாரோ!

மேட்டில் மாலை போட்டார்கள். "நம்ம மஞ்சூர்!" என்று அப்பா கத்த, எல்லாரும் கத்தினார்கள். அந்த வாரமே குடிசைகளைப் பிரித்து, மரத்தூண் நட்டு, தகரம் வேய ஆரம்பித்தார்கள். மனைவிக்குப் பிரசவம் ஆவதற்குள் முடிக்க வேண்டுமென்று ஒரு தச்சர் ராப்பகலாக இழைத்தார்.

இத்தனை காலம் குடிசைகளை யாரும் கண்டுகொண்டதில்லை. தகரம் பளபளத்ததும் கடப்பாரையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா "நம்ம மஞ்சூர்" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஆட்களோடு வந்த ஓவர்சியர் அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று, பிள்ளைக்குச் சொல்வதுபோல அவருக்கு விளக்கினார். நல்ல மழை. தச்சரின் மனைவி பச்சைக் குழந்தையோடு நனைந்துகொண்டிருந்தாள்.

"குடிசையாச்சும் இருந்துச்சேண்ணே," என்றார் தச்சர். "நாங்களே பிரிச்சுப்புட்டமே."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் குழந்தை செத்துப்போயிற்று. அப்பா மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம். "எனக்குப் புரியலை" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அடுத்த வருஷம் அவரோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண்டக்டர் புதிது, வங்காளி. காலி மேட்டின் பக்கத்தில் விசில் ஊதி, ஜனங்கள் சொல்லிச் சொல்லி ஒட்டிப்போன பெயரை ஊரின் பெயர் என்றே நினைத்துக்கொண்டு, "நம்மமஞ்சூர்! உத்ரோ, உத்ரோ!" என்று இறங்கச் சொல்லிக் கூவினார்.

எங்கள் நிறுத்தம் இன்னும் வரவில்லை. அப்பா எழுந்து இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் கடைக்கு நடந்தேதான் போனார்.